உயரத் தளத்துக்கு எந்த அளவு மரம்?

வீட்டின் பின்வாசலை ஒட்டி, தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு மரத்தளம் கட்ட வேண்டும். குறுக்குச் சட்டத்துக்கு 2×8 அங்குல மரம் போதுமா, 2×10 வாங்க வேண்டுமா? வட அமெரிக்காவில் டெக் கட்ட நினைக்கும் எவரும் மரக்கடைக்குப் போகும் முன் கேட்கும் கேள்வி இது. டொரன்டோவைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அன்றாடக் கேள்விதான். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு மரத்தண்டு எவ்வளவு சுமக்கும் என்பதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளாக விடை தேடி வருகிறார்கள். ஒவ்வொரு விடையும் முந்தையதன் ஓட்டையை அடைத்துவிட்டுத் தன் பங்குக்கு ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லும், எங்கே கைவிடும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரிலிருந்து 12 அடி வெளியே நீளும், சுவரோடு 16 அடி ஓடும் தளம். மேலே மிதிக்கும் பலகைகள். அவற்றைத் தாங்கக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் ஒரு முனை வீட்டுச் சுவரில் பிணைத்த நீண்ட சுவர்ச்சட்டத்தில் (இதை லெட்ஜர் என்கிறார்கள்) தொங்கும். மறுமுனை ஓர் உத்தரத்தின் மேல் உட்காரும். உத்தரத்தைத் தூண்கள் ஏந்தும். பரப்பு 192 சதுர அடி. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் சதுர அடிக்கு 40 பவுண்டு மனிதச் சுமையும் 10 பவுண்டு தளத்தின் சொந்த எடையும் வைத்துக் கணக்கிடச் சொல்கின்றன. ஆக மொத்தம் 9,600 பவுண்டு, ஏறத்தாழ 4,350 கிலோ. பாதி சுவருக்குப் போகிறது, பாதி உத்தரத்துக்கு.

கைக்கணக்கு

மிகப் பழைய விடை தச்சர்களுடையது. அமெரிக்கத் தச்சர்களிடையே இன்றும் புழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: தாங்கல்களுக்கு இடையிலான தூரத்தை அடியில் எடுத்து, பாதியாக்கி, இரண்டைக் கூட்டினால் சட்டத்தின் உயரம் அங்குலத்தில் கிடைக்கும். 12 அடிக்கு 8 அங்குலம். 16 அடிக்கு 10 அங்குலம்.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டுக் கட்டட விதியின் 2018 பதிப்பு, 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்த சதர்ன் பைன் 2×8 சட்டத்துக்கு 11 அடி 10 அங்குலம் வரை அனுமதிக்கிறது. கைக்கணக்கு சொன்ன 12 அடிக்கு வெறும் இரண்டு அங்குலக் குறைவு! ஆனால் தூரம் கூடக்கூட ஒற்றுமை உடைகிறது. 16 அடிக்குக் கைக்கணக்கு 2×10 போதும் என்கிறது. அதே அட்டவணையோ, அதே இடைவெளியில், 2×10க்கு 14 அடியோடு நிறுத்திக்கொள்கிறது. என்ன மரம், எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, மேலே எவ்வளவு பாரம் என்ற மூன்றையுமே கைக்கணக்கு கேட்பதில்லை. தன் ஊரில் கிடைக்கும் மரத்தை வாழ்நாளெல்லாம் அறிந்த கைக்கு அது பொருந்தியிருக்கலாம். எங்கோ வெட்டி எங்கோ விற்கும் மரத்துக்கு அது பொருந்தும் என்று நம்ப வழியில்லை.

கலிலியோவின் வர்க்கம்

1638இல் லெய்டனில் வெளியான தன் கடைசி நூலில், சுவரில் செருகிய உத்தரத்தின் நுனியில் பாரம் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று கலிலியோ கேட்டார். அகலத்தை இரட்டித்தால் வலிமை இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும் என்று அவர் கண்டார். ஒரு பலகையை ஏன் படுக்கவைக்காமல் நிறுத்தி வைக்கிறோம் என்பதற்கு முதல் கணக்குவழி விளக்கம் அதுதான்.

விகிதம் சரி, அளவு தவறு. உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது, அது கீழ்விளிம்பைப் பற்றித் திரும்புகிறது என்று அவர் கொண்டார். உண்மையில் வளையும் மரத்தின் ஒரு பக்கம் இழுபட, மறுபக்கம் நசுங்குகிறது; நடுவே இரண்டும் இல்லாத ஒரு படலம் இருக்கிறது. இதனால் அவருடைய கணக்கு வலிமையை மூன்று மடங்கு கூட்டிச் சொல்லியது. மரியோத், பரான் ஆகியோர் கைவைத்த இந்தச் சிக்கல், கூலோம் 1773இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் படித்த ஆய்வுரையோடு பெரும்பாலும் தெளிந்தது.

நம் 2×10க்கு இதன் பொருள் என்ன? சீவிய பிறகு அதன் உண்மை அளவு 1½ × 9¼ அங்குலம். நிறுத்தி வைத்தால், படுக்கவைத்ததைவிட ஆறு மடங்குக்கு மேல் வலிமை. 2×8லிருந்து 2×10க்குப் போனால் வலிமை 1.6 மடங்காகிறது, மரமோ கால் பங்கு சொச்சம்தான் கூடுகிறது. உயரத்துக்குக் கொடுக்கும் காசு அகலத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம் திருப்பித் தரும் என்ற முடிவை இதுவரை யாரும் அசைக்கவில்லை.

ஒடியாமல் இருந்தால் போதுமா?

வலிமை மட்டும் கேள்வியாக இருந்தால் விஷயம் 18ஆம் நூற்றாண்டிலேயே முடிந்திருக்கும். ஆனால் ஒடியாத சட்டமும் தொய்யும், மிதித்தால் துள்ளும். பெர்னூலி, ஆய்லர் ஆகியோரின் வளைவுக் கோட்பாட்டில் விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 2×8ஐவிட 2×10 வலிமையில் 1.6 மடங்கென்றால் விறைப்பில் 2.1 மடங்கு. டெக்கில் நடக்கும்போது உணரும் உறுதி இங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

எவ்வளவு தொய்வைப் பொறுக்கலாம் என்பதற்குப் பரவலாக ஏற்ற வரம்பு, தூரத்தில் 360இல் ஒரு பங்கு. 12 அடிக்கு 0.4 அங்குலம். சட்டங்களின் அடியில் பூசிய சாந்துக் கூரை விரிசல் விடக் கூடாது என்ற கவலையோடு இந்த வரம்பை இணைத்துச் சொல்வது வழக்கம். டெக்குக்கு அடியில் பூச்சும் இல்லை, விரிசலும் இல்லை. அப்படியிருக்க, உள்வீட்டுத் தரையின் வரம்பை வெளித்தளத்துக்கு அப்படியே கொண்டுவருவது ஏன்? பழக்கம் என்பது பாதி விடை. கிடைத்த வேறு அளவுகோல் எதுவும் அதைவிடத் தெளிவாக இல்லை என்பது மீதி.

வேறு அளவுகோல் தேடியவர்களில் கனடியர்கள் முன்னே போனார்கள். மனிதர்களை உறுத்துவது மெதுவான தொய்வைவிட அதிர்வுதான் என்ற நோக்கில், அந்நாட்டுத் தேசியக் கட்டட விதியின் 1990 பதிப்பு வீட்டுத் தரைச் சட்டங்களுக்கு அதிர்வை வைத்து வரம்பு வகுத்தது. உள்ளே அமர்ந்திருப்பவருக்குத் தொல்லையாகும் அதிர்வு, திறந்த வெளியில் நிற்பவருக்கு உறைக்காமலே போகலாம். ஆகவே அதை டெக்குக்கு எந்த அளவுக்கு நீட்டுவது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை.

சுருங்கிய மரமும் அட்டவணையும்

20ஆம் நூற்றாண்டு கேள்வியின் உருவத்தையே மாற்றியது. மரம் ரயிலேறித் தொலைதூரம் போகத் தொடங்கியதும், விற்பவர் சொல்லும் இரண்டு அங்குலமும் வாங்குபவர் அளக்கும் இரண்டு அங்குலமும் ஒன்றாக இருக்க வேண்டியதாயிற்று. 1924இல் வந்த அமெரிக்க மரத் தரநிலை, இரண்டு அங்குலம் என்று பெயர்பெற்ற மரத்தைச் சீவிய பிறகு 1⅝ அங்குலமாக வைத்தது. 1970இல் அது 1½ ஆனது. பழைய 2×10 உயரத்தில் 9½ அங்குலம், இன்றையது 9¼. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கால் அங்குலத்திலும் அரைக்கால் அங்குலத்திலும் விறைப்பில் சுமார் 15 விழுக்காடு போய்விட்டது. பெயர் மட்டும் 2×10 என்றே நின்றது. பழைய வீட்டின் சட்டத்தைப் பார்த்து அதே அளவை இன்று கேட்பவர் உண்மையில் சிறிய மரத்தை வாங்குகிறார்.

மரத்தின் வலிமையை எப்படி அறிவது என்பதிலும் பெரிய விவாதம் நடந்தது. கணுவோ கோணல் இழையோ இல்லாத சிறு துண்டுகளைச் சோதித்து, பிறகு குறைகளுக்குத் தக்கபடி கழித்துக்கொள்வது நீண்ட காலம் நின்ற முறை. கடையில் விற்கும் மரம் கணுவோடுதான் வருகிறது, அதையே முறித்துப் பார்க்க வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய பெருஞ்சோதனைத் திட்டத்தில் முழு அளவுச் சட்டங்கள் 70,000க்கும் மேல் முறிக்கப்பட்டன; முடிவுகள் 1991இல் வடிவமைப்பு மதிப்புகளுக்குள் வந்தன. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சதர்ன் பைன் மரத்தை மறுபடி சோதித்தபோது எண்கள் இறங்கின. 2013 ஜூன் 1 முதல், இரண்டாம் தர 2×10இன் வளைவு வலிமை மதிப்பு சதுர அங்குலத்துக்கு 1,050 பவுண்டிலிருந்து 800க்குக் குறைக்கப்பட்டது. ஒரே மரம், ஒரே அளவு, ஒரே முத்திரை. முந்தைய நாள் விதிக்குள் இருந்த சட்டம் மறுநாள் வெளியே.

இவ்வளவும் வடிந்து தேங்கிய இடம் அட்டவணை. நம் 12 அடித் தளத்தை அதில் வைத்துப் பார்ப்போம். 16 அங்குல இடைவெளியில் சதர்ன் பைன் 2×8க்கு 11 அடி 10 அங்குலம் என்று பார்த்தோம். மேலோட்டமாகத் தளம் இரண்டு அங்குலத்தில் தோற்கிறது. ஆனால் அட்டவணை கேட்பது தளத்தின் நீளத்தை அல்ல, தாங்கலுக்கும் தாங்கலுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை. சுவர்ச்சட்டம் 1½ அங்குலம், முன்விளிம்புப் பலகை 1½, இரட்டை உத்தரம் 3. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 11 அடி 6 அங்குலம். 2×8 தேறிவிடுகிறது. சட்டங்களை 12 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கினால் அதே 2×8க்கு 13 அடி 1 அங்குலம் வரை இடம் உண்டு. சீடர் மரமென்றால் கதை வேறு: 16 அங்குல இடைவெளியில் 2×8க்கு 10 அடி 7 அங்குலம்தான், 2×10க்குப் போக வேண்டும். இடைவெளியையோ மேல்பலகையும் ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் பொதுவாக 16 அங்குலத்தையும், கோணலாகப் பதித்தால் 12 அங்குலத்தையும் கேட்கின்றன.

அட்டவணையின் குறை அதன் அடிக்குறிப்பில் இருக்கிறது. 40 பவுண்டு சுமை என்று அங்கே எழுதியிருக்கும். பனி அதைவிடக் கனமாகக் குவியும் ஊருக்கு அந்த எண்கள் செல்லா. 2021 பதிப்பில்தான் 50, 60, 70 பவுண்டுக்கான வரிசைகள் சேர்ந்தன. அட்டவணையைப் பார்ப்பவர்களில் அடிக்குறிப்பையும் படிப்பவர் எத்தனை பேர் என்பது நியாயமான கவலை.

இணைப்பே முதன்மை என்ற கட்சி

2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புற மரத்தளம் விருந்துக் கூட்டத்தோடு சரிந்து 13 பேர் இறந்தனர். மரத்தின் அளவு, சுவரோடு பிணைத்த விதம், மேலே நின்ற கூட்டம் என்று மூன்றுமே பிறகு வழக்காடப்பட்டன. எது முதலில் போனது என்பதில் தரப்புகள் முரண்பட்டாலும், அதன் பிறகு டெக் பற்றிய பேச்சு சட்டத்தின் நடுவிலிருந்து அதன் முனைக்கு நகர்ந்தது என்று சொல்லலாம். சட்டம் நடுவில் ஒடிந்து விழுந்த டெக் அரிது; சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தவை அடிக்கடி என்பது இத்துறையினர் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து.

இந்தக் கட்சியின் வாதத்தில் எனக்கு வலுவாகத் தோன்றும் இடம் ஒன்று உண்டு. நம் தளத்தில் 4,800 பவுண்டு சுவர்ச்சட்டத்தில் இறங்குகிறது. அடிக்கு 300 பவுண்டு. அந்தச் சட்டத்தை வெறும் ஆணியால் அறைந்திருந்தால், தளம் அசையும் ஒவ்வொரு முறையும் ஆணி சிறிது வெளியே வருகிறது. ஆணியை அதன் நீளப்போக்கில் இழுப்பதே அதைக் கழற்றும் வழி. வர்ஜீனியா டெக், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் சோதனைகள் இந்த இணைப்பை முதன்முறையாக எண்களில் பிடித்தன. வீட்டுக் கட்டட விதியின் 2009 பதிப்பில் அதற்கென்று அட்டவணை வந்தது: 10 முதல் 12 அடி வரையிலான சட்டத்துக்கு, அரை அங்குல மரத்திருகு என்றால் 15 அங்குலத்துக்கு ஒன்று, அரை அங்குல போல்ட் என்றால் 29 அங்குலத்துக்கு ஒன்று. சட்டம் 16 அடியாக நீண்டால் திருகுகள் 11 அங்குலத்துக்கு நெருங்க வேண்டும். இந்த அட்டவணையில் குறுக்குச் சட்டம் 2×8ஆ, 2×12ஆ என்ற கேள்வியே இல்லை. தடித்த மரம் வாங்கியவரின் தளமும், ஆணியடித்த சுவர்ச்சட்டத்தில் தொங்கினால், மெல்லிய மரத்தளம் விழும் அதே இடத்தில்தான் விழும்.

தூணின் கதையும் இதையே சொல்கிறது. மூன்று தூண்கள் என்றால் நடுத்தூண் 2,400 முதல் 3,000 பவுண்டு ஏந்தும். குட்டையான 4×4 தூண், உண்மையில் 3½ அங்குலச் சதுரம், இதில் நசுங்காது. உயரம் கூடும்போது வளைந்து சரிவதே ஆபத்து. ஆய்லர் 1757இல் காட்டியபடி, மெலிந்த தூணின் உயரம் இரட்டித்தால் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகும். 2018 அட்டவணை 4×4ஐ 6 அடி 9 அங்குலத்தில் நிறுத்தி, 6×6ஐ 14 அடி வரை விட்டது. ஆனால் தச்சர் 6×6 கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மூன்று அங்குல இரட்டை உத்தரம் தூணின் தலையில் வெட்டிய படியில் உட்கார வேண்டும். 5½ அங்குலத் தூணில் மூன்றை வெட்டினால் போல்ட் பிடிக்க இரண்டரை அங்குலம் மிஞ்சும். 4×4இல் மிஞ்சுவது அரை அங்குலம். அதில் போல்ட் போடுவது வீண். இங்கே தூணின் அளவைச் சுமை தீர்மானிக்கவில்லை, மூட்டு தீர்மானிக்கிறது.

இந்தக் கட்சிக்கும் பலவீனம் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்க, 1,500 பவுண்டு இழுவைத் திறனுள்ள இரும்புப் பிடிகளை இரண்டு இடங்களில் வைக்கும் ஏற்பாட்டையும் 2009 பதிப்பு கொண்டுவந்தது. அந்த எண்ணுக்கு என்ன சோதனை அடிப்படை என்ற கேள்வி எழுந்தது. கூட்டமாக ஒரே தாளத்தில் ஆடும் மனிதர்களின் பக்கவாட்டு விசை, காற்றும் நிலநடுக்கமும் தருவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம் என்று பின்னர் வந்த சோதனைகள் காட்டின. அதற்குத் தக்க விதி இன்னும் உருவாகி நிலைபெறவில்லை.

நீர்

2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பலகணி முறிந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடம் கட்டிப் பத்தாண்டுகூட ஆகவில்லை. மரச்சட்டங்கள் ஈரம் புகுந்து உளுத்திருந்தன. கட்டும்போது அவற்றுக்கிருந்த வலிமை அன்று இல்லை.

மரத்தின் அளவு பற்றிய கோட்பாடுகள் எல்லாம் மரத்தை மாறாத பொருளாகவே எடுத்துக்கொண்டன. நடைமுறை விதிகள் சிறிது திருத்தின: ஈரப்பதம் 19 விழுக்காட்டைத் தாண்டி நீடிக்கும் இடத்தில் வலிமையையும் விறைப்பையும் குறைத்துக் கணக்கிட வேண்டும். உளுக்காமல் காக்கும் மருந்து எளிதில் ஊறாத மர வகைகளில், அது இறங்குவதற்காக மேற்பரப்பில் வரிசையாகக் கீறுகிறார்கள். அந்தக் கீறலுக்காக வலிமையில் 20 விழுக்காடு கழிக்க வேண்டும். கனடாவில் மருந்தேற்றி விற்கும் மரத்தில் இந்தக் கீறல் வரிசைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆர்செனிக் கலந்த பழைய மருந்து 2003 முடிவோடு வீட்டு மரத்திலிருந்து விலக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த செம்பு மிகுந்த மருந்துகள் சாதாரண இரும்பை விரைவாக அரித்தன. துத்தநாகம் தடிப்பாகப் பூசியதோ துருப்பிடிக்காததோ அல்லாத ஆணியும் திருகும் அந்த மரத்தில் நெடுநாள் நிற்பதில்லை. மரத்தைக் காக்க வந்த மருந்து மூட்டை அரிக்கும் என்பதை அளவு அட்டவணை எதுவும் காட்டாது.

பலகை இடுக்கிலும், சுவர்ச்சட்டத்தின் பின்புறத்திலும், போல்ட் துளையிலும் தேங்கும் நீரை எந்த எண்ணால் பிடிப்பது? இன்றுவரை அது மூடுதகடு, சொட்டுவழி, காற்றோட்டம் என்று கைவேலையின் பொறுப்பாகவே இருக்கிறது.

தீராதவை

குறுக்குச் சட்டத்தின் அளவைப் பொறுத்தவரை, கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே மதிப்பிடலாம். மரவகை, தரம், இடைவெளி, சுமை நான்கும் தெரிந்தால் அட்டவணை நம்பத்தக்க விடை தருகிறது. துள்ளலை விரும்பாதவர் ஓர் அளவு கூட்டி வாங்கலாம், அது வீணாகாது. ஆனால் அளவைக் கூட்டுவதைப் பாதுகாப்பைக் கூட்டுவதாக எண்ணுவதற்கு நான் கண்ட சான்றுகள் இடம் தரவில்லை. அதே பணம் சுவர்ச்சட்டத்தின் திருகுகளுக்கும் மூடுதகட்டுக்கும் முதலில் போக வேண்டும்.

சுமை எவ்வளவு என்பதே இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. வீட்டு விதி 40 பவுண்டோடு நிற்கையில், அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் சுமைத் தரநிலை 2016 பதிப்பில், டெக்கின் சுமை அது சேரும் அறையின் சுமையைப் போல் ஒன்றரை மடங்கு என்றது. 40 பவுண்டு அறைக்கு 60 பவுண்டு. தோளோடு தோள் உரசி நிற்கும் விருந்துக் கூட்டத்தை நினைத்தால் இரண்டாவது எண் பொருத்தமாகப் படுகிறது. ஆண்டு முழுவதும் இரண்டு நாற்காலி மட்டும் கிடக்கும் தளங்களை நினைத்தால் முதல் எண்ணுக்கும் வாதம் உண்டு. இரண்டையும் சமன்செய்யப் போதுமான அளவெடுப்பு நடக்கவில்லை.

இவை புதிதாகக் கட்டுவோரின் கேள்விகள். 2009க்கு முன் ஆணியடித்து நிறுத்திய தளங்கள் இன்னும் எண்ணற்ற வீடுகளின் பின்னால் நிற்கின்றன. சுவர்ச்சட்டத்தின் பின்புறத்தைப் பிரிக்காமல் பார்க்க எளிய வழி இல்லை. பெர்க்லிக்குப் பிறகு கலிபோர்னியா 2018இல் இயற்றிய சட்டம், மூன்று குடியிருப்புகளோ அதற்கு மேலோ உள்ள வாடகைக் கட்டடங்களின் உயரத் தளங்களையும் பலகணிகளையும் ஆறாண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. தனி வீட்டின் டெக் அதில் சேரவில்லை. அதை யார், எப்போது, எதை வைத்துச் சோதிப்பது என்பது வீட்டுக்காரரிடமே விடப்பட்டிருக்கிறது.